பழைய படங்களோட டைட்டில்லயும் போஸ்டர்லயும் எழுத்துப்பிழை ஏன் வருது?

டைட்டில் கார்டுன்னா படம் ஆரம்பிக்கும்போது பேரெல்லாம் வர்ற அட்டை. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி ஆர்ட்டிஸ்ட் அத கையால எழுதி, கேமராவுல படம் புடிப்பாங்க, ஒரு எழுத்து தப்புனாலும் மறுபடி எழுதி, ஃபிலிம் ஓட்டி, கழுவி, ஒட்டணும், ரிலீஸ் நெருங்கிட்டா அதுக்கெல்லாம் எங்க நேரம்.

கல்லச்சு போஸ்டர், அதாவது கல்லுல எழுதி அதுலேருந்து பேப்பர்ல அச்செடுக்கிறது, இன்னும் கஷ்டம், கல்லுலயே நேரடியா எழுதுனா எழுத்த கண்ணாடில தெரியுற மாதிரி திருப்பிப் போடணும், ஒரு சுழி கூடிப்போறது ரொம்ப ஈஸி.

எங்க பாம்பன் பக்கம் வள்ளத்துல பேரு எழுதுற மாதிரிதான், ஒற்று விட்டுப்போயி வள்ளம் கடல்ல இறங்கிட்டா அடுத்த பெயிண்ட் அடிக்கிற வரைக்கும் அந்தப் பேரோடதான் போகும். அந்தக் கைவேலை மேல எனக்கு அவ்ளோ மரியாதை.

பழைய போஸ்டர்ல லை, ணை, றா எல்லாம் வேற வடிவத்துல இருந்தா பிழைன்னு நெனைக்காதீங்க, 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வர்றதுக்கு முன்னாடி அதுதான் வழக்கமான எழுத்து.