பொப்பி பூத்தால் பூசணி காய்க்குமா?

கேள்வி: தலவாக்கலையில் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மரக்கறி போட்டிருக்கிறேன். பூசணியில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, தேனீயையே காணோம். காட்டுப் பொப்பி வளர்த்தால் தேனீ வரும் என்றார்கள். கடையில் விதை வாங்கிப் பாதியைத் தட்டில் முளைக்க வைத்தேன். பிடுங்கி நட்டதும் எல்லாம் செத்துவிட்டது. மீதியை எப்படிப் போடுவது சேர்? லண்டனில் இருக்கும் மகள் இன்னும் விதை அனுப்புவதாகச் சொல்கிறாள்.

பதில்: நாற்று செத்தது உங்கள் கைக் குறை இல்லை அம்மா. பொப்பிக்கு கரட் மாதிரி ஆணிவேர். பிடுங்கும்போது நுனி அறுந்தால் அப்புறம் தலை நிமிராது. கரட்டை யாராவது நாற்று விட்டு நடுவார்களா? இதையும் நிற்கப்போகும் இடத்திலேயே தூவ வேண்டும்.

உங்கள் பக்கம் மார்கழிக் கடைசியோ தைத் தொடக்கமோ சரி. மழை விட்டிருக்கும், இரவுக் குளிர் முளைப்புக்கு உதவும், பங்குனியில் பூக்கும். வைகாசி மழைக்குள் போட்டால் விதை வாய்க்காலோடு போய்விடும். நல்ல வெயில் விழும் பாத்தியாகப் பாருங்கள். தேயிலை நின்ற மண் என்றால் புளிப்பாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் முன்பே கொஞ்சம் டொலமைட் போட்டுக் கிளறி வையுங்கள். மாட்டெரு வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

விதை தூள் மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகையை ஒரு கை காய்ந்த மணலில் கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். மண் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். நாலைந்து இலை வந்ததும் ஒரு சாணுக்கு ஒன்று விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

சரி, தேனீ வருமா? வரும், ஆனால் தேனுக்கு இல்லை. பொப்பிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். விடியற்காலையில் பூ விரிந்ததும் போய்ப் பாருங்கள், தேனீயின் பின்னங்காலில் கருமையாய் உருண்டை ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டு நாளில் இதழ் கொட்டிவிடும். இதை மட்டும் நம்பாமல் பூசணிக்குப் பக்கத்தில் முள்ளங்கி இரண்டு வரிசையைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள், கொஞ்சம் கடுகும் கொத்தமல்லியும் தூவுங்கள். தேனும் மகரந்தமும் இரண்டுமே அவற்றில் உண்டு. என்னைக் கேட்டால் பொப்பி கண்ணுக்கு, முள்ளங்கி பூசணிக்கு.

இன்னொன்று, நீங்கள் எத்தனை மணிக்குக் கிருமிநாசினி அடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். காலையில் அடித்தால் வரும் தேனீயும் சாகும். அடித்தே ஆகவேண்டும் என்றால் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். தேனீ வரும்வரை நீங்களே காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

பொப்பிக் காய் காய்ந்தால் மிளகுத்தூள் டப்பா மாதிரி விதையைக் கொட்டும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைப் பச்சையிலேயே நறுக்கிவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த முட்புதர் ஒன்று ஹோர்ட்டன் சமவெளியில் பரவிக் கிடப்பது தெரியும்தானே.

சமையலுக்கு விற்கும் பொப்பி விதையை மட்டும் தூவிவிடாதீர்கள். அது அபினிச் செடி, அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம். காட்டுப் பொப்பியின் தண்டு சொரசொரவென்று மயிரோடு இருக்கும். அபினிச் செடி வழவழவென்று சாம்பல் பூத்த பச்சை, இலை தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். பலூடாவில் போடும் கசகசா வேறு, அது துளசி இனத்து விதை. அதைத் தாராளமாகப் போடலாம், பூத்தால் தேனீ மொய்க்கும்.

மகளிடம் விதை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டு விதைக்கு முன் அனுமதி வேண்டும். பிள்ளை ஆசையாய் ஏதாவது அனுப்புவதென்றால் சொக்லேட் அனுப்பட்டும்.