தாத்தாவின் வெள்ளி ரூபாய்க்கு 18 லட்சமா?

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் 23 வெள்ளி ரூபாய்களும், ஒரு கைப்பிடி ஓட்டைக் காலணாவும், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818-ஆம் ஆண்டு செப்புக் காசு ஒன்றும் இருந்தன. துபாயில் இருக்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் 18 லட்சம் தருவதாக அண்ணனிடம் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். ரிசர்வ் வங்கி அனுமதி, ஜிஎஸ்டி என்று என் நகையை அடகு வைத்து மூன்று மாதத்தில் 48,000 ரூபாய் கட்டிவிட்டோம். வட்டி 12 சதவீதம். இன்னும் 30,000 கட்டச் சொல்கிறார்கள். மீதமிருப்பது ஒரு ஜோடி வளையல்தான். அதையும் வைக்கலாமா? பணம் வந்ததும் வெள்ளி ஈடிஎஃப்-இல் (வெள்ளி விலையைப் பின்தொடரும், பங்குபோல் வாங்கி விற்கும் முதலீட்டில்) போடலாம் என்கிறார் அண்ணன்.
— வாசகி, விருதுநகர்

பதில்: வைக்காதீர்கள், சகோதரி. வாங்குகிறவர்தானே பணம் தர வேண்டும்? விற்கிற நீங்கள் ஏன் மூன்று மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? பழைய காசு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. தவிர, நூறு ஆண்டைக் கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ‘துபாய்க்காரர்’ என்றதுமே அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இனி காசுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் பிரிட்டிஷ் மன்னர்கள் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் 14. இவை ஒவ்வொன்றும் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரையிலான ஆறு காசுகளில் பாதிதான் வெள்ளி. 1947 என்று போட்ட மூன்றும் வெள்ளியே அல்ல, நிக்கல். காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

கணக்கு எளிதாக இருக்க, வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் 14-க்கு ஏறக்குறைய 15,000, அடுத்த ஆறுக்கு 3,500. ஆக 18,500. விலை இரட்டிப்பானாலும் 37,000தான். நீங்கள் ஏற்கெனவே கட்டியதோ 48,000! அதற்கு மாத வட்டி மட்டும் 480 ரூபாய்.

சேகரிப்பாளர்கள் வெள்ளி விலைக்கு மேல் கொடுக்கும் காசுகளும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1911 இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டுக் காசில் மன்னரின் அங்கியில் பொறித்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றிபோல் தெரிந்ததால் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. காசைத் திரும்பப் பெற்று, மறு ஆண்டு யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். அப்படி ஒன்று இருந்தாலும் 18 லட்சம் கிடைக்காது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். 1943 முதல் வந்த ஓட்டைக் காலணாக்கள் ஏராளம், பெரிதாக விலை போகாது. 1818 என்று போட்டிருந்தாலும் ராமர் காசைக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிக்கவே இல்லை; அது பக்திக்காகச் செய்த வில்லைதான். அது பூஜை அறையில் இருக்கட்டும்.

எதையும் புளி போட்டு விளக்காதீர்கள். கறுப்பு ஏறிய காசைத்தான் சேகரிப்பாளர் விரும்புவார்; தேய்த்துப் பளபளப்பாக்கினால் வெள்ளி எடைக்குத்தான் போகும்.

எனக்குக் கவலை தருவது காசு அல்ல. இன்னும் வராத பணத்தை நம்பிக் கடன் வாங்குவதும், அண்ணன் கேட்கும்போதெல்லாம் நீங்கள் நகையைக் கழற்றுவதும்தான். கடன் சீட்டு உங்கள் பெயரில் இருக்கிறது, வட்டியும் உங்கள் தலையில். 18 லட்சத்தில் பங்கு கேட்கிறவர் 48,000-இலும் பாதியை ஏற்க வேண்டாமா? ஈடிஎஃப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். 12 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு, வெள்ளி விலை ஏறும் என்று காத்திருக்க உங்கள் வீட்டில் வசதியில்லை.

இன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்; பணம் அனுப்பிய ரசீதுகளையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். 1911 இல்லாத காசுகளை இரண்டு கடைகளில் எடை போட்டு, கூடுதலாகத் தருகிறவரிடம் விற்று, வருகிற பணத்தை அப்படியே நகைக் கடனில் கட்டுங்கள். தாத்தா நினைவாக ஒன்றிரண்டை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அண்ணன் மறுபடியும் வளையலைக் கேட்டால், புகார் எண்ணை அவரிடம் காட்டுங்கள்.