நிலத்தை விற்க வேண்டாம் ஐயா

போன வாரம் மகளோடு வந்து உட்கார்ந்ததுமே, "நிலத்தை வித்துட்டு வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். சேர்த்துடலாமா சார்?" என்று கேட்டீர்கள். யோசிப்போம் என்று சமாளித்து அனுப்பினேன். இப்போது நேராகவே சொல்கிறேன், வேண்டாம். அங்கே 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்தால் தகுதித் தேர்வு, மறுபடியும் ஒரு வருடப் பயிற்சி. பி.ஃபார்ம் முடித்த பெண்ணுக்கு இது எதற்கு? 'டாக்டர் மாமா' ஆக உங்கள் மச்சினருக்கு ஆசை என்றால், அவர் நிலத்தை விற்கட்டும்.

உங்கள் மகள் சொன்னதைக் கவனித்தீர்களா? பயிற்சிக்குப் போன இடத்தில், தினமும் எழுத வேண்டிய மருந்து ஃபிரிட்ஜ் வெப்பநிலைப் பதிவேட்டை சனிக்கிழமை சாயந்திரம் ஒரே பேனாவில் வாரம் முழுவதற்கும் நிரப்பினார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது. அந்தக் கோபத்துக்குச் சம்பளம் தரும் வேலை கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர், அதாவது மருந்துச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று கூடவே இருந்து கவனிப்பவர்.

புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க ஜிசிபி (குட் கிளினிக்கல் பிராக்டிஸ்) என்ற நெறிமுறை உண்டு. பொறுப்பு டாக்டருடையது. ஆனால் ஓ.பி. கூட்டத்தில் அவர் பேப்பரைப் பார்ப்பது எங்கே? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து 10.40, ரத்தம் எடுத்தது 10.15 என்றிருந்தால், சம்மதம் வாங்கும் முன்பே எடுத்ததாகிவிடும்; அது விதிமீறல். அதைப் பிடிக்க ஒரு கண் வேண்டும், அதுதான் கோஆர்டினேட்டர். படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தமிழில் விளக்கும்போது சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். யாருக்காவது கடுமையான பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி. ஒயிட்னர் தொடவே கூடாது!

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-லேயே ஆய்வு தொடங்கி, வீட்டிலிருந்தே சிகிச்சை எடுத்தாலும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) இருப்பதற்கு ஈடாகக் குணமாகும் என்று காட்டியது. அப்படிப்பட்ட இடங்களின் திட்டப் பணி அறிவிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்த வேலைதான், ஆரம்பச் சம்பளமும் சுமார்தான். மறைக்கவில்லை.

லட்சக்கணக்கில் கேட்டு 'பிளேஸ்மெண்ட் உறுதி' என்று இந்த வேலைக்கான டிப்ளமோ விற்பவர்களிடம் பத்து பைசா கட்டாதீர்கள். குளோபல் ஹெல்த் டிரெய்னிங் சென்டர் என்ற இணையதளத்தில் ஜிசிபி பாடம் இலவசம், சான்றிதழும் உண்டு. முடித்துவிட்டு அவள் மட்டும் வரட்டும். மச்சினர் வேண்டாம்.