வாய்விட்டுச் சொன்ன பிறகே எனக்குத் தியானம் கைகூடியது

மன உளைச்சல் குறைந்து புத்துணர்வு பெறத் தியானம் உதவுமா, மந்திர ஜபம் உதவுமா, எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இவை இரண்டும் ஒரே பாதையின் இரண்டு கட்டங்கள். ஜபத்தில் தொடங்கியதால்தான் எனக்குத் தியானம் வாய்த்தது.

நான் திருச்சியில் வரி ஆலோசகராக இருக்கிறேன். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஒரு படிவம், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று என்று ஆண்டு முழுவதும் கெடு நாட்களாகவே கழியத் தொடங்கின. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பல்லைக் கடித்தபடியே உறங்கியதால் தாடை வலிக்கும். எந்த வாடிக்கையாளரின் எந்த பில் விடுபட்டது என்று மனம் அப்போதே தேடத் தொடங்கிவிடும்.

நண்பர் ஒருவர் சொல்லித் தியான வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கண்களை மூடி, வரும் எண்ணங்களை வெறுமனே கவனிக்கும்படி சொன்னார்கள். அந்த முறையால் பலன் பெற்றவர்களை நான் அறிவேன். எனக்கோ அந்த இருபது நிமிடமும் நிலுவையில் உள்ள வேலைகளை யாரோ வரிசையாக வாசித்துக் காட்டுவது போல இருந்தது. உட்கார்ந்தபோது இருந்ததைவிட எழுந்தபோது பதற்றம் கூடியிருந்ததால், நமக்கு இது வராது என்று விட்டுவிட்டேன். மத யானையை வசப்படுத்தி நடத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடிய தாயுமானவரும் இதே ஊரில் நாயக்கர் அரசில் அலுவல் பார்த்தவர்தாம் என்பது பின்னாளில் நினைவுக்கு வந்தபோது மிகுந்த ஆறுதலாக இருந்தது.

வழியைக் காட்டியவர் திருவையாற்றில் இருக்கும் என் அத்தை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, “நீ சும்மா உக்காந்தா மனசும் சும்மா உக்காந்துடுமாடா? அதுக்கு ஒரு வேலையக் குடு. வாயத் தொறந்து நமசிவாயன்னு சொல்லு, உன் காதுக்குக் கேக்கணும்” என்றார். தம்முடைய ருத்திராட்ச மாலையையும் கையில் கொடுத்தார். 108 மணிகள், அவற்றோடு மேரு என்னும் தலைமணி ஒன்று. மேருவுக்கு அடுத்த மணியில் தொடங்கி, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சென்று, மீண்டும் மேருவை எட்டியதும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் அவர் விரல் பட்டு வழவழப்பாகியிருந்த அந்த மணிகளைத் தொட்டபோதே என் கை சற்று நிதானித்தது.

முதல் சில நாட்கள் அவசரமாகவே சொன்னேன். பிறகு அத்தையின் வேகத்திற்கு வந்தேன். ஒரு முறை மூச்சை வெளியே விடும்போது நான்கு முறை “நமசிவாய”, பின்னர் இயல்பாக ஒரு மூச்சு உள்ளே, மீண்டும் நான்கு முறை. இப்படிச் சொன்னால் மாலை ஒரு சுற்று வருவதற்கு 27 மூச்சுகளும் ஏறக்குறைய ஐந்து நிமிடங்களும் ஆகின்றன. மூச்சு உள்ளே போகும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும், வெளியே வரும்போது மெல்லத் தணிவதும் உடலின் இயல்பு. மந்திரத்தை வெளிமூச்சில்தான் சொல்ல முடியும் என்பதால் வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. வகுப்பில் எண்ணங்களைக் கவனித்தபடி இருந்தபோது அடங்காத என் மூச்சு, குரலுக்குக் கட்டுப்பட்டது.

எந்த மந்திரம் சிறந்தது என்று பலர் கேட்கிறார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரிடம் நடத்தி, 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. கத்தோலிக்கர்கள் ஜெபமாலையில் சொல்லும் மரியன்னை ஜெபத்தை லத்தீனில் சொன்னபோதும், “ஓம் மணி பத்மே ஹும்” என்ற பௌத்த மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் தன்னியக்கமும் மேம்பட்டது. ஆகவே உங்கள் மனம் எந்தச் சொல்லோடு உறவு கொண்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் அமைதியடைவதற்கு மூச்சு போதுமான காரணம்தான். ஆனால் சில நாட்களில் அந்த ஐந்தெழுத்தைச் சொல்லும்போது கண்ணில் நீர் வருவதை நான் பக்தி என்றே கொள்கிறேன்.

வாய்விட்டுச் சொல்வதை வாசிகம் என்றும், உதடு அசையத் தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதை உபாம்சு என்றும், மனத்துக்குள் சொல்வதை மானசம் என்றும் பெரியோர் பிரித்திருக்கிறார்கள். மானசமே உயர்ந்தது என்பார்கள். எனினும் கலங்கிய மனத்தோடு நேரே அங்கே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் முதல் மாலையை உரக்கவும், இரண்டாவதை முணுமுணுப்பாகவும், மூன்றாவதை மனத்துக்குள்ளும் சொல்லிவிட்டு, மாலையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறேன். அப்போது காதுக்குள் அந்த ஒலி மட்டும் சற்று நேரம் மிஞ்சியிருந்து அடங்குகிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த அந்த வெறும் கவனிப்பு, பல மாதங்களுக்குப் பிறகு இந்த இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

ஆனால் மூச்சை அடக்கிப் பார்க்கும் பயிற்சியில் நீங்களாக இறங்காதீர்கள். உள்ளிழுக்க 16, நிறுத்த 64, வெளிவிட 32 என்று திருமூலர் சொல்லும் கணக்கைக் காணொளி பார்த்து முயன்றபோது எனக்குத் தலை சுற்றியது. அது குருவின் அருகிலிருந்து பழக வேண்டியது. ஜபம் வேலையின் அளவையும் குறைக்காது. பில்களை 5ஆம் தேதிக்குள் தந்துவிட வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் கறாராகச் சொன்ன பிறகே என் சுமை உண்மையில் இறங்கியது. தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மூன்று மணி விழிப்பு இன்னும் சில நாட்களில் வரத்தான் செய்கிறது. விளக்கைப் போடாமல், கைபேசியைத் தொடாமல், படுத்தபடியே விரல் கணுக்களில் எண்ணத் தொடங்குகிறேன். நான்கு விரல்களில் பன்னிரண்டு கணுக்கள், ஒன்பது சுற்று வந்தால் 108. பெரும்பாலும் ஐந்தாவது சுற்றுக்கு மேல் எண்ணியதாக நினைவில்லை.