படி இறங்கும்போது உயிர் போகிறது!

கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக ஓடப் போய், நிற்காமல் 4 கி.மீ. ஓடிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறேன். ‘லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கு. முள்ளை முள்ளாலதான் எடுக்கணும், இன்னைக்கும் ஓடு’ என்கிறார் நண்பர். ஓடட்டுமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். ஓடும்போது சேரும் லாக்டிக் அமிலம், ஓட்டத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் போல ஆனாலே பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அமிலம் செவ்வாய்க்கிழமை வரை தொடையில் குடியிருக்காது. இந்த வலிக்குத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய சேதமே காரணம் என்று தியோடர் ஹஃப் என்ற உடலியல் ஆய்வாளர் 1902-லேயே எழுதிவிட்டார். அமிலக் கதைக்குத்தான் இன்னும் ஆயுசு முடியவில்லை.

கவனித்தீர்களா, படி ஏறுவதைப் பற்றி நீங்கள் புகாரே சொல்லவில்லை. இறங்கும்போதும், ஓடுகையில் பாதம் தரையில் பதியும்போதும், முன்தொடைத் தசை நீண்டுகொடுத்தபடியே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. பழகாத தசையை அதிகம் பதம் பார்ப்பது இந்த வேலைதான். அடிபட்ட இடத்தில் அழற்சி மெதுவாகத்தான் கிளம்பும். அதனால்தான் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விட்டுவிடுகிறது. இதே 4 கி.மீ.யை அடுத்த சில வாரங்களில் திரும்ப ஓடினால் இவ்வளவு வலிக்காது.

இன்று 20 நிமிடம் மெதுவாக நடங்கள், இறுக்கம் கொஞ்சம் இளகும். ஸ்ட்ரெச்சிங் இந்த வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது.

‘வலிச்சாத்தான் பலன்’ என்று பெருமையாக நொண்டிக்கொண்டு வருகிறவர்களிடம், எங்கே வலிக்கிறது, காட்டுங்கள் என்பேன். உள்ளங்கையால் தொடை முழுக்கத் தடவிக் காட்டினால், அதுவும் இரண்டு காலிலும் என்றால், எனக்குக் கவலையில்லை. ஒற்றை விரலை முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அழுத்தி, ‘இதோ, இந்த இடம்’ என்றால் விஷயம் வேறு. அந்த வலி ஓட ஓடக் கூடினால் எலும்பில் விரிசலா என்று பார்த்தாக வேண்டும். அதுவரை ஓட்டம் கிடையாது. கடும் வலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனை.

வலி அடங்கியதும் 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், வாரத்தில் 3 நாள், நடுவே ஒரு நாளாவது ஓய்வு. ஓடும்போது மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். ‘மூச்சு வாங்கலையே, இன்னும் கொஞ்சம் ஓடலாமே’ என்று தோன்றும் அந்தக் காலத்தில்தான் பலரும் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (அதே வாசகர்): அடுத்த மாதம் 10 கி.மீ. போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேனே?

பதில்: 5 கி.மீ. பிரிவு இருந்தால் மாற்றிக் கேளுங்கள். இல்லையென்றால் பாதி நடை, பாதி ஓட்டமாகப் போய், முடியாத இடத்தில் விலகிக்கொள்ளுங்கள். பணம் கட்டியாச்சே என்று மட்டும் ஓடாதீர்கள்.