மார்பகப் புற்றுநோய் அறுவை ஆய்வுகளில் யார் யார் வேலை பார்க்கிறார்கள்? – கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வேலையைத் தொடங்கினேன். அப்புறம் 17 வருடம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ட்ரயல் கோ-ஆர்டினேட்டர், அதாவது நோயாளிகளை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளை (ட்ரயல்) ஒருங்கிணைப்பவர். நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பி "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடைக்காது, மன்னிக்கவும். மற்ற கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): அறுவை சிகிச்சையைப் பற்றிய ஆய்வு என்றால் சர்ஜன் ஒருவர் போதாதா மேடம்? எதற்கு இத்தனை துறை ஆட்கள்?

ஒரு நிஜ ஆய்வை எடுத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பி-06 என்ற மார்பகப் புற்றுநோய் ஆய்வு. நடத்தியது என்.எஸ்.ஏ.பி.பி. என்ற, பல மருத்துவமனைகள் சேர்ந்த கூட்டுக்குழு, தலைமையிடம் பிட்ஸ்பர்க், தலைவர் பெர்னார்ட் ஃபிஷர் என்ற சர்ஜன். மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குள் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) என எல்லாவற்றையும் வழித்தெடுக்கும் ஹால்ஸ்டெட் ஆபரேஷன்தான் பல பத்தாண்டுகளாக அங்கே ஆட்சி செய்தது. தசையை விட்டுவிட்டாலும் ஆயுள் குறையவில்லை என்று இதே குழுவின் பி-04 ஆய்வு காட்டத் தொடங்கியிருந்தது. அடுத்த கேள்வி: கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா?

2,163 பெண்கள், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு மார்பகம் முழுவதும் நீக்கம். இன்னொன்றுக்குக் கட்டி மட்டும் நீக்கம். மூன்றாவதற்குக் கட்டி நீக்கமும் கூடவே கதிர்வீச்சும், நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்போமே, அது. மூன்று பிரிவிலும் அக்குள் நெறிகளை எடுத்தார்கள். அதில் நோய் இருந்தவர்களுக்குக் கீமோ.

சர்ஜனின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்று சொல்ல பெத்தாலஜிஸ்ட் வேண்டும். கரண்ட் வைக்க ஒரு டாக்டரும், அளவைக் கணக்கிட ஓர் இயற்பியலாளரும் வேண்டும். கீமோவுக்கு இன்னொரு டாக்டர். வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்கப் புள்ளியியல் நிபுணர். அப்புறம், அந்தப் பெண்களை வருடா வருடம் தேடிப்பிடித்து எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிவைக்க எங்களைப் போன்றவர்கள். முதல் முடிவு 1985இல் வந்தது, 20 வருட முடிவு 2002இல். மூன்று பிரிவுக்கும் ஆயுளில் வித்தியாசமே இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கரண்ட் வைத்தவர்களில் 14.3 சதவீதம்தான். இந்த இரண்டாவது விடை சர்ஜன் மட்டும் உட்கார்ந்து நடத்திய ஆய்வில் எப்படிக் கிடைத்திருக்கும்?

கேள்வி (லேப் டெக்னீஷியன், சேலம்): பேப்பரில் எல்லாம் சர்ஜன் பெயர்தான் முதலில். பெத்தாலஜி ஆட்கள் பின்பாட்டுக்காரர்கள்தானா அக்கா?

உங்கள் கோபம் புரிகிறது தம்பி. ஆனால் பி-06இன் பெத்தாலஜிஸ்ட் யார் தெரியுமா? எட்வின் ஃபிஷர், பெர்னார்ட் ஃபிஷரின் உடன்பிறந்த சகோதரர். அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஆய்வில், ஒருவர் கத்தியோடு, ஒருவர் மைக்ராஸ்கோப்போடு.

நீங்கள் தினம் பார்ப்பதுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எடுத்த சதை லேபுக்கு வந்ததும் அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசுவார்கள். பிறகு மெல்லிய வில்லைகளாக அறுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். புற்று செல் மையைத் தொட்டு நின்றால் ஓரத்தில் நோய் இருக்கிறது என்று அர்த்தம். பி-06இல் அப்படி வந்தால் அந்தப் பெண்ணுக்கு மார்பகத்தை முழுவதும் எடுத்தாக வேண்டும் என்பது விதி. கட்டி மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அப்படி ஆனது. அதாவது ஒரு பெண்ணுக்கு மார்பகம் மிஞ்சுமா என்பதில் கடைசி வார்த்தை மை பூசியவர் பக்கம்தான் இருந்தது. "மையில் புற்று செல் படக்கூடாது" என்பது இன்றும் பல இடங்களில் ஓரத்துக்கான அளவுகோல்.

கேள்வி (பி.ஜி. மாணவி, சர்ஜரி): ட்ரயலில் சேர்க்க நோயாளிகள் தயாராக இருந்தாலும் சீனியர் டாக்டர்கள் தயங்குகிறார்களே, ஏன்?

புதுப் பிரச்சினை இல்லை மா. பி-06இலும் ஆரம்பத்தில் ஆள் சேர்வது ஆமை வேகம்தான். காரணம் தெரிந்துகொள்ள அந்தச் சர்ஜன்களிடமே ஒரு கணக்கெடுப்பு நடந்தது, 1984இல் வெளியானது. பதில் சொன்ன 91 பேரில் 73 சதவீதம் பேர் சொன்ன காரணம்: யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்யும் குலுக்கல் முறை டாக்டருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவைக் கெடுத்துவிடும். என்னென்னவோ காரணங்கள் இருந்தாலும் அடியில் இருந்தது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "எது நல்லது என்று எனக்கே தெரியாது அம்மா, சீட்டு சொல்வதைச் செய்வோம்" என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

1978இல் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். முதலில் சீட்டு, பிறகு சம்மதம். எந்தப் பிரிவு என்று முடிவான பிறகு நோயாளியிடம் போய், "உங்களுக்கு இந்தச் சிகிச்சை வந்திருக்கிறது, சரியா?" என்று கேட்பது. ஆள் சேரும் வேகம் சட்டென்று கூடியது. நெறிமுறை பேசுபவர்களிடம் திட்டும் கூடியது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்றாலும், எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டு பேசும்போது, சொல்கிற தொனியிலேயே அந்தச் சிகிச்சையின் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

கேள்வி (வாசகி, தேனி): எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இருபது பக்கப் படிவத்தைக் கொடுத்து கைநாட்டு வைக்கச் சொன்னால் எப்படி?

அப்படி வைக்கச் சொல்லக்கூடாது. படிக்கத் தெரியாதவருக்கு அவருடைய மொழியில் முழுதும் வாசித்துக் காட்ட வேண்டும். ட்ரயலில் சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி பக்கத்திலேயே இருந்து, கையெழுத்தும் போட வேண்டும். எங்கள் வார்டு கோ-ஆர்டினேட்டரே சாட்சிக் கையெழுத்துப் போடுவது தப்பு. அவசரத்தில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படிவத்தை அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டியும் டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் இடம் இல்லை. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது ஏழு பேர். அதில் ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் படிக்காத சாதாரணர் ஒருவர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். அந்தச் சாதாரணர்தான் என் கணக்கில் முக்கியமான ஆள். எங்கள் கமிட்டியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். "'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்றால் என் மனைவிக்கே புரியாது. 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல' என்று எழுதுங்கள்" என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார். அன்று சலித்துக்கொண்டேன். அதன் பிறகு வார்டில் அதே வாக்கியத்தைத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

கேள்வி: ட்ரயலில் சேர்ந்தால் பணம் தருவார்களா?

ஆசை காட்டும் அளவுக்குத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. போக்குவரத்துச் செலவு தருவதுண்டு. ஆய்வினால் உடலுக்குக் கெடுதி வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் உண்டு.

கேள்வி (பி.பி.ஓ. ஊழியர், சென்னை): டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கிறார்கள். வெறும் கிளார்க் வேலை என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். போகலாமா?

கிண்டல் செய்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1990இல் பிட்ஸ்பர்க் தலைமையிடத்தில் கோப்புகளைச் சரிபார்த்தபோது, பி-06இல் சேர்ந்திருந்த, கனடாவின் மாண்ட்ரியால் நகர செயின்ட் லூக் மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு நோயாளியின் ஆபரேஷன் குறிப்பு இரண்டு பிரதிகளாக இருந்தது. எல்லாம் ஒன்றுதான், ஆபரேஷன் தேதி மட்டும் வேறு. அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு போனால், அங்கிருந்த சர்ஜன் ரோஜர் புவாசோன் பல வருடங்களாகப் பதிவுகளைத் திருத்தி வந்தது வெளிப்பட்டது. விதிப்படி சேரத் தகுதியில்லாதவர்களைச் சேர்ப்பதற்காகத் தேதிகளையும் விவரங்களையும் மாற்றியிருந்தார். பல ஆய்வுகளில் அவர் சேர்த்த 1,511 பேரில் 99 பேரின் பதிவுகளில் புரட்டு. பி-06இல் மட்டும் நூற்றுக்குப் பதினாறு பேர் அவர் சேர்த்தவர்கள்.

1994இல் செய்தித்தாளில் வந்ததும் ஊரே கொந்தளித்தது. கட்டி மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களெல்லாம் "அப்படியானால் எனக்குச் செய்தது தப்பா?" என்று பயந்தார்கள். பெர்னார்ட் ஃபிஷர் பதவியிழந்தார். அவர்மேல் தவறில்லை என்று 1997இல் ஆனது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் மன்னிப்பும் கேட்டது. புள்ளியியல்காரர்கள் அந்த மருத்துவமனையின் ஆட்களை மொத்தமாக நீக்கிவிட்டுக் கணக்கை முதலிலிருந்து போட்டார்கள். விடை மாறவில்லை. 1973இல் இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்டோ வெரோனேசி தனியாகத் தொடங்கி, 701 பெண்களோடு நடத்திய ஆய்வும் மார்பகத்தைக் காப்பாற்றினாலும் ஆயுள் குறையாது என்றே சொன்னது.

அதனால் வேலையில் சேர்ந்த முதல் நாளே உங்களிடம் சொல்வார்கள்: வைட்னர் தொடக்கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. 5/6 என்றால் ஜூனா மே மாதமா என்று சந்தேகம் வராதபடி மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். சம்பளம் சுமார்தான், அதை மறைக்கவில்லை.

கேள்வி (வாசகர்): உங்கள் வேலையில் மறக்க முடியாதது எது?

ஃபாலோ-அப் போன். செக்-அப்புக்கு வராதவர்களை அழைப்போம். ஒரு முறை மகன் எடுத்தார். "அம்மா தவறிட்டாங்க மேடம்." எப்போது என்று கேட்டாக வேண்டும், படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. "ஆடி அமாவாசைக்கு முந்தின நாள்" என்றார். வருத்தம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மேசையில் இருந்த தினசரிக் காலண்டரைப் புரட்டி அமாவாசையைத் தேடி, அதற்கு முந்தின நாளின் தேதியை எழுதினேன். ஆயுள் கணக்கு வரைபடத்தில் ஒரு கோடு படிப்படியாக இறங்குமே, அதில் ஒரு படி அந்த அம்மா. அந்தத் தேதியைச் சொன்ன மகனுக்கு ஆய்வறிக்கையில் எங்கேயும் நன்றி கிடையாது.

கேள்வி (மயக்க மருந்துத் துறை டெக்னீஷியன், மதுரை): நம் நாட்டில் இந்த மாதிரி பெரிய அறுவை ஆய்வு உண்டா? எங்கள் துறைக்கு அதில் வேலை இருக்கிறதா?

உங்களுக்காகவே நடந்த மாதிரி ஒன்று இருக்கிறது. மும்பை டாடா மெமோரியலின் ராஜேந்திர பட்வே தலைமையில், 11 மையங்களில், 2011 டிசம்பரில் தொடங்கி 1,600 பெண்களைச் சேர்த்தார்கள். பல் பிடுங்கப் போடுவார்களே லிக்னோகெயின், அதை 0.5 சதவீதக் கரைசலாக, கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஊசியாகப் போடுவது. பிறகு 7 முதல் 10 நிமிடம் சும்மா இருப்பது. அதன் பின்தான் கத்தி. இன்னொரு பிரிவுக்கு ஊசி இல்லாமல் வழக்கமான ஆபரேஷன். கட்டியைக் கையாளும் நேரத்தில் செல்கள் கிளம்பிப் பரவுவதை இந்த மருந்து தடுக்குமா என்பதுதான் கேள்வி.

2023இல் வெளியான முடிவு: ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்ட பிரிவில் 90.1 சதவீதம், போடாத பிரிவில் 86.4. விலை மலிவான, காப்புரிமை தீர்ந்த மருந்து. எந்தக் கம்பெனியும் இதற்கு இத்தனை வருடம் பணம் போட்டிருக்காது.

தியேட்டரில் அந்தப் பத்து நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். நோயாளி மயக்கத்தில், அடுத்த கேஸ் வெளியே ஸ்ட்ரெச்சரில், சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மருந்தின் அளவு நோயாளியின் எடைக்கு மீறிவிடக்கூடாது, அதனால் இதயத் துடிப்பை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் நேரம் எழுத வேண்டும். சர்ஜன் பொறுமையிழந்து நாலாவது நிமிடம் தொடங்கிவிட்டால், திட்டப்படி நடக்கவில்லை என்று அதையும் எழுத வேண்டும். பெரும்பாலும் உங்கள் பக்கத்து ஆட்கள்தான்.

கேள்வி (அதே மதுரை டெக்னீஷியன்): அப்படியானால் என் தங்கைக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். இந்த ஊசியைக் கேட்கலாமா?

சர்ஜனிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இரண்டு விஷயம். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ வாங்கியவர்கள் இந்த ஆய்வில் இல்லை. தங்கை அப்படி வாங்கியிருந்தால் இந்த எண்கள் அவருக்குப் பொருந்துமா என்று சர்ஜன்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, எந்தப் பிரிவு என்பது தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு இது. வெறும் தண்ணீர் ஊசி போட்ட பிரிவு கிடையாது. மற்ற நாடுகளில் சில டாக்டர்கள் அதைச் சொல்லித்தான் தயங்குகிறார்கள். சர்ஜன் "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி (நர்சிங் மாணவி, நாகர்கோவில்): கோ-ஆர்டினேட்டர் ஆக என்ன படிக்க வேண்டும் அக்கா?

நர்சிங்கே போதும் மா. ஃபார்மஸி, மைக்ரோபயாலஜி படித்தவர்களும் வருகிறார்கள். ஆய்வை முறைப்படி நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் ஜி.சி.பி. பயிற்சி ஒன்று முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொள், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. எக்செல் பழகு. அப்புறம் மேசையில் ஒரு தமிழ்க் காலண்டர் வைத்துக்கொள், தேவைப்படும்.