பற்றை நிறுத்துவது

அன்புள்ள ஆசிரியருக்கு,
லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்கிறேன். கலிஃபோர்னியாவில் கடை நடத்தி, ஆளுநராகி, இறந்த மகனின் பெயரில் பல்கலைக்கழகம் நிறுவியவர். அவர் கொடையாளரா, கொள்ளைக்காரரா? கடைக்காலம் அலுப்பூட்டுகிறது, அதைத் தாண்டிச் செல்லலாமா?
கு.

அன்புள்ள கு.,

பதினைந்து வயது மகனை ஃப்ளாரன்ஸில் டைஃபாய்டுக்குப் பறிகொடுத்த தகப்பனின் துக்கம் உங்களைத் தொட்டிருக்கிறது, என்னையும் தொட்டதுதான். கொடையாளரா கொள்ளைக்காரரா என்பது பட்டிமன்றத் தலைப்பு, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் கடையைத் தாண்டிச் செல்லலாமா என்கிறீர்களே, அது சுத்தச் சோம்பேறித்தனம்.

1861இல் சென்ட்ரல் பசிபிக் ரயில் நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரும் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகர வணிகர்கள். ஹன்டிங்டனும் ஹாப்கின்ஸும் இரும்புச் சாமான், க்ராக்கர் துணி, ஸ்டான்ஃபோர்ட் மளிகை. நிறுவனத் தலைவராக இருந்துகொண்டே ஆளுநரான ஸ்டான்ஃபோர்ட், ரயிலுக்கு அரசுப் பணம் தரும் சட்டங்களில் கையெழுத்திட்டார். க்ராக்கரின் அண்ணனை மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்த்தினார்.

1862 ஜனவரி 10 அன்று வெள்ளத்தில் படகேறிச் சென்று அவர் பதவியேற்றதை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். அன்றைய உரையில் ஆசியர்களைத் தாழ்ந்த இனம் என்றும் அவர்கள் குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்றும் அவர் பேசியதைச் சொல்வதில்லை. 1865இல் ரயில் பாதை போட அவருடைய நிறுவனமே சீனர்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தது. அமைதியானவர்கள், உழைப்பாளிகள், சிக்கனமானவர்கள் என்று அவரே ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பினார். மனம் மாறிவிட்டார் என்று உருகாதீர்கள்; மலிவான சரக்கை எந்தக் கடைக்காரரும் புகழ்வார்.

1867 ஜூனில் அந்தச் சீனர்கள் மாதம் 40 டாலர் கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு, சியரா நெவாடா மலையில் வேலையை நிறுத்தினார்கள். க்ராக்கர் செய்தது ஒன்றுதான்: மலைக்குச் செல்லும் அரிசியையும் மற்ற உணவுப் பொருட்களையும் நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

இதைச் செய்தவர் க்ராக்கர்தானே, ஸ்டான்ஃபோர்ட் அல்லவே என்று எழுதாதீர்கள். நிறுவனத்தின் தலைவர் யார்? எந்தப் படைத்தளபதியிடமும் கற்ற உத்தி அல்ல இது, கல்லாவில் உட்கார்ந்து கற்றது. எனக்குத் தெரியும். என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார், கடனுக்குச் சரக்கு வாங்குவோரின் பற்று நோட்டை நான் எழுதுவேன். தெருவில் எதிர்த்துப் பேசியவரின் கணக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்வார், அவ்வளவுதான். மறுநாள் அந்த வீட்டுப் பெண் அரைப்படி அரிசிக்காக நெடுநேரம் நின்றுவிட்டுப் போனதை, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

கடைப் பகுதியை முதலிலிருந்து வாசித்துவிட்டு எழுதுங்கள்.